தறி நின்ற இடம்

2012 அக்டோபர், நவம்பர். அந்த இரண்டு மாதங்களைச் சென்னைக்கு வெளியே வாழ்ந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. வந்தால் மாவு அரைக்கணும், மோட்டார் போடணும், போன் சார்ஜ் ஏத்தணும். அந்த நாட்களில் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுப் பின்னறையில், பழைய பீரோவுக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில், நான் ஒரு படிகம் வளர்த்துக்கொண்டிருந்தேன். முனைவர் பட்ட ஆய்வுக்கு. கல்லூரி லேபில் யூபிஎஸ் முக்கால் மணி நேரம்தான் தாங்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. அதனால் கண்ணாடிக் குழாயை மடியில் வைத்து, அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, ஏற்காடு ரோட்டு மேடு பள்ளங்களில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இன்வெர்ட்டர் இரண்டு ஃபேனும் மூன்று லைட்டும் இழுக்கும். படிகத்தின் ஹீட்டரை மாட்டினால் ஃபேன் கிடையாது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பனியனைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்துகொள்வார். அம்மாதான், “அந்த உப்புக்கல்லுக்குக் குளிரக் கூடாது, நாம வெந்தாப் பரவால்ல” என்பாள். உப்புக்கல் என்பது தப்பில்லை. பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், சுருக்கமாகக் கேடிபி. உரமாகக்கூட வயலுக்குப் போடுகிற உப்புதான்.

அந்த உப்பைத் தண்ணீரில் கரைத்து ஒரே ஒரு கல்லாக, உள்ளே அணுக்கள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும்படி வளர்த்துவிட்டால், அது ஒரு வித்தை செய்யும். உள்ளே போகிற லேசரின் ஒரு பகுதியை இரண்டு மடங்கு அதிர்வெண்ணாக மாற்றி வெளியே விடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு போனால் பச்சை வரும். இதைத்தான் நேரிலா ஒளியியல் என்கிறோம். முதன்முதலில் இதைப் பார்த்தது 1961ல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் அவருடைய கூட்டாளிகளும். ரூபி லேசரின் 694 நானோமீட்டர் சிவப்பை ஒரு குவார்ட்ஸ் துண்டுக்குள் விட்டார்கள். 347 நானோமீட்டரில் புகைப்படத் தட்டில் மிகச் சின்னதாக ஒரு புள்ளி விழுந்தது. கட்டுரை அச்சுக்குப் போனபோது, அந்தப் புள்ளியை ஏதோ அழுக்கு என்று நினைத்து அழித்துவிட்டார்கள். அம்புக்குறி மட்டும் வெறும் வெள்ளையைக் காட்டிக்கொண்டு அச்சாகியிருக்கிறது. எங்கள் துறையில் முதல் வருடத்திலேயே எல்லோரும் கேட்டுச் சிரிக்கிற கதை. அழுக்குக்கும் சேதிக்கும் வித்தியாசம் தெரியாமல் போவது அச்சகத்தோடு நின்றுவிடுகிற விஷயமில்லை என்று எனக்குத் தெரிய ரொம்ப நாள் ஆனது.

வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள்: ஏன் தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் இயற்பியல் துறையில் யாராவது ஒருத்தர் படிகம் வளர்க்கிறார்? காரணம் பெரும்பாலும் ஒரு மனிதர், ஒரு இடம். 1982ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சி மையம் தொடங்கியது. அதைக் கட்டியெழுப்பியவர் பேராசிரியர் பெ. ராமசாமி. அங்கே படித்தவர்கள், அவர்களிடம் படித்தவர்கள், அவர்களிடமும் படித்தவர்கள் என்று சேலம், திருச்சி, காரைக்குடி, நாகர்கோவில் வரை பரவினார்கள். இன்னொரு காரணம், இது ஏழை இயற்பியல். ஒரு பீக்கர், நல்ல உப்பு, வடித்த தண்ணீர், பொறுமை. முதல் மூன்றுக்கும் காசு குறைவு, நான்காவது நம்மிடம் இலவசம்.

2005ல் சங்கரநாராயணனும் ராமசாமியும் சேர்ந்து ஒரு புது முறையை வெளியிட்டார்கள். உலகம் முழுக்க இப்போது எஸ்.ஆர். முறை என்கிறார்கள். அடியில் கூம்பிய ஒரு கண்ணாடிக் குழாய். கூம்பு முனையில் விதைப் படிகம், நமக்கு வேண்டிய திசையைப் பார்த்தபடி. மேலே கரைசல். மேல்பக்கம் ஒரு வளைய ஹீட்டர், கீழே இன்னொன்று. மேலே நீர் மெல்ல ஆவியாக, கீழே விதை ஒரே திசையில் தடிபோல மேல்நோக்கி வளரும். சாதாரணமாகப் பீக்கரில் வளர்த்தால் படிகம் தனக்குப் பிடித்த வடிவில் வளரும். பிறகு வேண்டிய கோணத்தில் வெட்டும்போது பாதி வீணாகும். இதில் அந்தச் சேதாரம் குறைவு. ஒரு கண்ணாடி ஊதுகிறவரும் எலக்ட்ரீஷியனும் இருந்தால் போதும், ஆய்வகம் தயார். என் குழாயை ஊதிக் கொடுத்தவர் கல்லூரி லேப்களுக்குச் சோதனைக் குழாய் செய்கிறவர். “இதுல என்னம்மா வளக்கப் போற, மீனா?” என்று கேட்டார்.

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தால் நல்ல நாள். ஐம்பத்து மூன்று நாளில் நாற்பத்தொரு மில்லிமீட்டர் வந்தது. கட்டைவிரல் பருமன். எடுத்துத் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது அழுகை வந்தது. அம்மாகூட வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்குது” என்றாள்.

பிறகு பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். குறுக்கே மெல்லிய பால் நிறக் கோடுகள். ஒன்றல்ல, பல. ஏணிப்படி மாதிரி.

என்னவென்று உடனே தெரிந்தது. தெரிந்ததற்குக் காரணம் படிகவியல் புத்தகம் அல்ல, என் தாத்தா.

தாத்தா அம்மாப்பேட்டையில் நெசவு செய்தவர். வெண்பட்டு வேட்டி, அங்கவஸ்திரம். சேலத்து வெண்பட்டு என்றால் கல்யாண வீடுகளில் தனி மரியாதை. வெள்ளையில் எதையும் மறைக்க முடியாது என்பார். கலர் சேலையில் ஆயிரம் தப்பு ஒளிந்துகொள்ளும், வேட்டியில் ஒரு தப்பு ஊருக்கே தெரியும். சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனால் தறிக்குழி ஓரத்தில் என்னை உட்கார வைத்து, நெய்த துணியை இழுத்து வாசல் வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். “எங்க தறி நின்னுச்சு சொல்லு பாப்பா?” எனக்கு ஒன்றும் தெரியாது. விரலால் தடவச் சொல்வார். ஒரு இடத்தில் நூலகலத்துக்கு ஒரு பட்டை, கொஞ்சம் நெருக்கமாகவோ கொஞ்சம் கலைந்தோ இருக்கும். ராத்திரி தறியை விட்டு எழுந்த இடம். பாவு இரவெல்லாம் இழுபட்டே நின்றிருக்கும், காலையில் முதல் நாலு ஊடையை அடிக்கும்போது கை வேகம் பிடிபடாது. அதனால் அந்த இடம் மட்டும் வேறு மாதிரி. “சாப்புட எந்திரிச்சது, சாவுக்குப் போனது, எல்லாம் இதுல இருக்குது.”

என் படிகத்திலும் தறி நின்றிருந்தது. இன்வெர்ட்டரும் தீர்ந்துபோன நேரங்களில் மேல் ஹீட்டர் குளிர்ந்து ஆவியாதல் நின்றிருக்கும். வளர்ச்சி தடுமாறி, கரண்ட் வந்ததும் மறுபடி தொடங்கும்போது புதிய அடுக்கு அவசரத்தில் கரைசல் துளிகளை உள்ளேயே வைத்து மூடிக்கொண்டிருக்கும். அந்தத் துளிகள்தான் பால் கோடு.

அடுத்து அளக்க வேண்டும். ஒரு படிகத்தின் உள்வரிசை எவ்வளவு சீராக இருக்கிறது என்று பார்க்க எங்களுக்குத் தெரிந்த மிக நுட்பமான வழி, உயர் பிரிதிறன் எக்ஸ்ரே விளிம்புவிளைவு. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் கிருஷன் லால் குழுவினர் பல படிகங்களை வரிசையாக வைத்து எக்ஸ்ரேயைச் சலித்து எடுக்கும் கருவியை உருவாக்கியிருந்தார்கள். தமிழ்நாட்டின் எத்தனையோ ஆய்வேடுகளில் வருகிற வளைகோடுகள் அங்கே எடுத்தவைதான். படிகத் துண்டை மிக மிக மெதுவாகத் திருப்புவார்கள். ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் வருவது ஒரு வில்விநாடி. அந்தக் கணக்கில் திருப்புவார்கள். அணு அடுக்குகள் எல்லாம் ஒரே முகமாக நின்றால் ஒரே கோணத்தில் மட்டும் எக்ஸ்ரே பளிச்சென்று திரும்பும். தாளில் ஊசிபோல ஒற்றைச் சிகரம். படிகத்தின் ஒரு பகுதி மற்றதிலிருந்து துளி சாய்ந்திருந்தால் பக்கத்தில் இன்னொரு சிகரம் முளைக்கும். அந்தச் சாய்வு ஒரு வில்நிமிடத்துக்கும் குறைவாக இருந்தால் மிகக் குறைகோண எல்லை என்று பெயர். பேரைக் கேட்டால் ஒன்றுமில்லாதது போல இருக்கும். கரண்ட் கட்டான ராத்திரி மாதிரி.

எக்ஸ்ரே கற்றை தொடுவது ஒரு சின்ன இடத்தை மட்டும். எந்தத் துண்டை அனுப்புகிறோமோ அதைப் பற்றித்தான் அது பேசும். நாற்பத்தொரு மில்லிமீட்டரில் எதை அனுப்புவது?

வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கு இரண்டு துண்டு அனுப்பினேன். வெட்டியது ஈர நூலால். கேடிபியை ரம்பத்தில் வெட்டினால் விரிசல் விடும். ஈரமான நூலை மேலும் கீழும் ஓட்டினால் தண்ணீர் படிகத்தைக் கரைத்துக்கொண்டே மெதுவாக இறங்கும். தாத்தா 2008ல் இறந்தபின் வீட்டுக்கு வந்த தார்க்குச்சிகளில் கொஞ்சம் நூல் மிச்சமிருந்தது, அதைத்தான் பயன்படுத்தினேன். ஒரு துண்டு இரண்டு கோடுகளுக்கு நடுவே தெளிந்த இடத்தில். இன்னொன்று கோட்டைத் தொட்டுக்கொண்டு.

மூன்று வாரத்தில் வந்தது. முதல் துண்டுக்கு ஊசிச் சிகரம், பாடப்புத்தகத்தில் போடலாம். இரண்டாவதில் அகலமான சிகரம், அதன் தோளில் இன்னொன்று.

வழிகாட்டி இரண்டையும் பார்த்தார். கெட்டவர் அல்ல. ஊர் பேர் தெரியாத இடத்திலிருந்து கட்டுரை அனுப்பி அனுப்பித் திரும்பி வந்து பழகியவர். முதல் தாளை மேலே வைத்தார். “ஏம்மா, இது போதுமே. ரெண்டாவது எதுக்கு? கேட்டா பதில் சொல்லிக்கலாம்.” நான் தலையாட்டினேன். என்னைக் கட்டாயப்படுத்தியதாகச் சொல்ல முடியாது. கட்டுரையில் நானே தட்டச்சு செய்தேன்: வளர்ந்த படிகத்தின் ஒழுங்கு மிகச் சிறப்பாக உள்ளது. துண்டின் ஒழுங்கு என்று எழுதவில்லை, படிகத்தின் ஒழுங்கு. ஒரு சொல்தான் வித்தியாசம். வாய்மொழித் தேர்வில் யாரும் கேட்கவில்லை.

நாங்கள் செய்த இன்னொரு அளவீட்டையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். 1968ல் கர்ட்ஸ், பெர்ரி என்ற இரண்டு பேர், ஒரு புதுப் பொருள் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்குமா என்று சட்டென்று பார்க்க வழி சொன்னார்கள். பொருளைப் பொடியாக்கு, லேசரை அடி, பச்சை வருகிறதா பார், தெரிந்த ஒரு பொருளின் பொடியோடு ஒப்பிடு. நல்ல முறை. வளர்க்கும் முன்னாலேயே, இது வளர்க்கத் தகுந்த பொருளா என்று பார்க்கத்தான் அது. நாங்கள் ஐம்பது நாள் வளர்த்துவிட்டு, பிறகு உரலில் இட்டு இடித்து, கேடிபியைவிட 1.2 மடங்கு என்று ஒரு வரி எழுதுவோம். பொடியில் வரிசையும் இல்லை, தறி நின்ற இடமும் இல்லை. பட்டு வேட்டியைக் கிழித்துத் திரியாக்கி, நன்றாக எரிகிறது என்று சான்றிதழ் கொடுப்பது மாதிரி.

2016ல் தைவானுக்கு மேலாய்வுக்குப் போனேன். நம்மூர்ப் படிகக்காரர்கள் பலர் போகிற வழிதான் அது. ஆனால் அங்கே படிகம் வளர்க்கவில்லை. லித்தியம் நையோபேட் என்ற பொருளை வட்டத் தட்டாகக் கடையில் வாங்கி, அதன் உள்ளே கட்டம் போட்டார்கள்.

கட்டம் எதற்கு? படிகத்துக்குள் அகச்சிவப்பும் அதிலிருந்து பிறக்கிற பச்சையும் ஒரே வேகத்தில் போவதில்லை. இங்கே பிறந்த பச்சையும், சற்றுத் தள்ளிப் பிறந்த பச்சையும் கால் மாறிவிடும். சுமார் மூன்றரை மைக்ரான் தூரத்துக்கு ஒன்றோடொன்று சேர்ந்து வளரும், அடுத்த மூன்றரை மைக்ரானில் ஒன்றையொன்று அழிக்கும். கேடிபியில் இதைத் தவிர்க்க, இரண்டும் ஒரே வேகத்தில் போகிற ஒரு கோணத்தைத் தேடி வெட்டுவோம். 1962லேயே ஆம்ஸ்ட்ராங், புளூம்பெர்கன், டுக்குயிங், பெர்ஷன் நால்வரும் வேறொரு யோசனை சொல்லியிருந்தார்கள்: கால் மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் படிகத்தையே தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டால்? அணிவகுப்பில் கால் தப்பியவன் ஒரு குட்டித் தத்தல் போட்டு மறுபடி சேர்ந்துகொள்வதுபோல. யோசனை சரி, மூன்றரை மைக்ரானில் யார் திருப்புவது? முப்பது வருடம் கழித்து, 1993ல் சோனி நிறுவனத்தில் யமாடாவும் உடனிருந்தவர்களும் மின்புலம் கொடுத்து அதைச் செய்து காட்டினார்கள். தட்டின் மேல் ஒளி அச்சுமுறையில் பட்டை பட்டையாக மின்முனை பதித்து, மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 21 கிலோவோல்ட் கொடுத்தால், பட்டைக்குக் கீழே மட்டும் அயனிகள் இடம் மாறி, படிகத்தின் திசை புரண்டுவிடும். அரை மில்லிமீட்டர்த் தட்டுக்குப் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல். ஒரு சொடுக்கு.

ஏழு மைக்ரானுக்கு ஒரு ஜோடி. நேர் ஒன்று, தலைகீழ் ஒன்று. ஒரு சென்டிமீட்டரில் ஆயிரத்து நானூறு ஜோடிக்குமேல். தலைமுடிப் பருமனில் பத்து ஜோடி அடங்கும். முதல் முறை நுண்ணோக்கியில் பார்த்தபோது பாவு நூல் என்றே நினைத்தேன். பார்ப்பதற்கு முன் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் நனைக்க வேண்டும். அது ஒரு முகத்தை அரிக்கும், தலைகீழ் முகத்தை ஏறக்குறையத் தொடாது. அதனால் மேடும் பள்ளமுமாகக் கட்டம் தெரியும். கையில் பட்டால் எலும்பு வரை போகிற அமிலம். மேசையில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எப்போதும் திறந்த இடத்தில் இருக்கும்.

ஆனால் நுண்ணோக்கி மறுபடியும் என் பழைய வியாதியையே கொண்டுவந்தது. நல்ல இடத்தைப் பார்த்து, நல்ல படம் எடுத்து, ஒட்டிவிடலாம். முதல் வாரக் கூட்டத்தில் அப்படி ஒரு படத்தைத்தான் காட்டினேன். அங்கே மூத்த மாணவர் ஒருவர், வயதில் என்னைவிடச் சின்னவர், மரியாதையாகக் கேட்டார்: “இது அழகாக இருக்கிறது. முழு நீளத்துக்கு என்ன வருகிறது?”

முழு நீளம் என்றால் ஒளி. துண்டை ஒரு சின்ன அடுப்பில் வைத்து, ஒரு முனையில் லேசர் விட்டு, மறுமுனையில் பச்சையை அளந்துகொண்டே வெப்பநிலையை மெல்ல ஏற்ற வேண்டும். கட்டம் எல்லாம் சீராக இருந்தால் நடுவில் ஒரு உயர்ந்த சிகரம், இருபுறமும் சமமாகச் சின்னச் சின்ன மேடுகள். துண்டின் நீளம் இரட்டித்தால் சிகரத்தின் அகலம் பாதியாக வேண்டும். அகலம் குறையவில்லை என்றால், உன் இரண்டு சென்டிமீட்டரில் ஒரு சென்டிமீட்டர்தான் வேலை செய்கிறது என்று பொருள். ஒளி ஒவ்வொரு கட்டத்தின் வழியாகவும் போய்த்தான் வெளியே வர முடியும். நல்ல இடமாகப் பார்த்துப் போகச் சொல்ல முடியாது.

எனக்கு முதலில் வந்த வளைகோடு ஒருபக்கம் சாய்ந்து, தோளோடு இருந்தது. அதைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ செய்தது, அஸ்தம்பட்டித் தாள்கள் இரண்டும் கண்முன் வந்தன. இந்த முறை ஒளிக்கவில்லை. ஒளிக்க வழியும் இல்லை. ஒரு வாரம் கட்டத்தில் குறை தேடினேன். பிறகு நன்றாக வேலை செய்வதாகத் தெரிந்த வேறொரு துண்டை அதே அடுப்பில் வைத்தேன். அதற்கும் அதே தோள். அடுப்பின் இரண்டு முனைகளும் நடுவைவிடக் குளிர்ந்திருந்தன! படிகம் சீராகத்தான் இருந்தது, அளக்கிற அடுப்பு சீராக இல்லை. சிரித்துவிட்டு அடுப்பைப் பிரித்தோம்.

அந்த வருடம் நான் போட்ட கணக்குகளில் ஒன்று மட்டும் மறக்கவில்லை. ஒவ்வொரு சுவரும் தன் இடத்திலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக 300 நானோமீட்டர் விலகியிருந்தால் பச்சை எவ்வளவு குறையும்? ஏழு சதவீதம் போல. ஜோடியில் நேர், தலைகீழ் இரண்டும் பாதிப் பாதியாக இல்லாமல் நாற்பதுக்கு அறுபதாக இருந்தால்? பத்து சதவீதம். பெருந்தன்மையான பொருள். ஆனால் ஜோடியின் சராசரி நீளமே, ஏழாயிரம் நானோமீட்டரில், வெறும் இரண்டு நானோமீட்டர் பிசகினால்? ஒரு சென்டிமீட்டரில் பாதி ஒளி போய்விடும். துண்டு முழுக்க ஒரே மாதிரி பிசகியிருந்தால் வெப்பநிலையை மாற்றிச் சரிக்கட்டிக்கொள்ளலாம். பாதித் தூரத்துக்குப் பிறகு பிசகினால் எந்த வெப்பநிலையும் உதவாது.

காரணம் எளிது. முதல் வகைப் பிழை சேராது. ஒவ்வொரு சுவரின் இடத்தையும் மேலே பதித்த அச்சு தீர்மானிக்கிறது. ஒன்று நகர்ந்தால் அடுத்தது அதைப் பார்த்து நகர்வதில்லை. இரண்டாவது சேரும். தாத்தாவின் தறியில் இரண்டும் இருந்தன. பாவு நூல் அச்சுப்பல் வழியாக வருகிறது. ஒரு பல்லில் நூல் தப்பினால் அந்த ஒரு இழையோடு போச்சு, வேட்டியின் அகலம் மாறாது. ஊடைக்கு அப்படிப் பல் கிடையாது. ஒவ்வொரு ஊடையும் முந்தைய ஊடையின்மேல் சாய்ந்துதான் நிற்கிறது. கை கொஞ்சம் தளர்ந்தால் நாலு முழத்தில் அரை அங்குலம் போயிருக்கும். படிகத்தைக் கரைசலில் வளர்ப்பது ஊடை அடிக்கிற வேலை. நேற்றைய அடுக்கின் மேல்தான் இன்றைய அடுக்கு.

கூலி கொடுக்கிறவர்கள் துணியை அளக்கும்போது, மடித்த துணியின் மேல்பக்கத்தில் பித்தளை லென்ஸை வைத்து அங்குலத்துக்கு எத்தனை ஊடை என்று எண்ணிவிட்டுப் போவார்கள். நெசவாளிகள் அதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். மேல்மடிப்பு எப்போதும் நெருக்கமாக இருக்கும். தாத்தாவும் செய்திருப்பார், கேட்டதில்லை. ஆனால் தன் துணியைத் தான் பார்க்கும்போது மட்டும் பிரித்துத்தான் பார்ப்பார். “மடிச்ச எடத்துல எண்ணுனா அவனுக்கு ஆவும். நமக்கு ஆவாது.”

2019ல் ஊருக்குத் திரும்பினேன். இப்போது ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். போன வருடம் என்னிடம் ஆய்வு செய்கிற பெண் எஸ்.ஆர். முறையில் வளர்த்த தன் முதல் படிகத்தைக் கொண்டுவந்து, எதை மேடம் அனுப்பறது என்று கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தபோது என்னுடையது ஞாபகம் வந்தது.

பின்னறைப் பீரோவில், சிலிக்கா ஜெல் போட்ட ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தது. நாற்பத்தொன்றில் இரண்டு துண்டு போக மூன்று பகுதிகள். கேடிபிக்கு ஈரம் ஆகாது, மேலெல்லாம் மங்கியிருந்தது. ஈரத் துணியில் மெதுவாகத் தேய்த்ததும் உள்ளே வெளிச்சம் வந்தது. பழைய நோட்டும் கிடைத்தது. இன்வெர்ட்டரும் தீர்ந்து ஹீட்டர் அணைந்த ஒவ்வொரு நேரத்தையும் தேதியோடு குறித்து நட்சத்திரம் போட்டிருந்தேன். பதினான்கு நட்சத்திரம். அந்தக் காலத்தில் கோடுகளைக் கண்ணால் பார்த்ததோடு சரி, அளந்ததில்லை. அளந்தால் கட்டுரையில் எழுத வேண்டிவரும் என்று பயந்திருப்பேன்.

கல்லூரியிலிருந்து டிராவலிங் மைக்ரோஸ்கோப்பை எடுத்துவந்து ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன். விதை முனையிலிருந்து ஒவ்வொரு கோட்டின் தூரம். வெட்டியெடுத்த துண்டுகளின் இடமும், அவற்றில் இருந்த கோடும் நோட்டில் இருந்தன. எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு கோடு. தேதியோடு வைத்துப் பார்த்தால் அழகாகப் பொருந்தின. நீண்ட கட்டுக்குத் தடித்த கோடு, குறுகியதற்கு மெல்லியது. ஆனால் நவம்பர் முதல் வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு ராத்திரிகளுக்குக் கோடே இல்லை. அந்த மூன்று மில்லிமீட்டர் கண்ணாடி மாதிரி தெளிவு. நட்சத்திரம் இருந்தது, தழும்பு இல்லை. லென்ஸை மாற்றிப் பார்த்தேன், திருப்பி வைத்துப் பார்த்தேன். எண்ணிக்கையில்தான் தப்பு என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

நோட்டில் அந்த இரண்டு நாளுக்கும் பக்கத்தில் ‘கோவை’ என்று எழுதியிருந்தது. கருத்தரங்குக்குப் போயிருந்தேன். அம்மா போனில் இன்வெர்ட்டர் போயிருச்சு என்று சொன்னதை வைத்து நட்சத்திரம் போட்டிருக்கிறேன்.

அப்பா திண்ணையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“பின்னாடி வீட்டுல அப்ப ஜெனரேட்டர் வச்சிருந்தாங்கல்ல. செவுத்து மேல ஒயர் இழுத்துப் போட்டேன். டீசல் ஊத்திக் குடுத்தேன், ரெண்டு நாளும்.”

“சொல்லவே இல்லையேப்பா.”

“நீதான யாரும் கை வெக்கக் கூடாதுன்னு கத்திட்டுப் போன. பிளக்க மாத்துனேன்னு சொன்னா அதுக்கும் கத்துவ.” பேப்பரை மடித்தார். “ஏன், அதுல ஏதும் கெட்டுப் போச்சா?”

இல்லை என்றேன். முதல் முதலாக நான் அனுப்பிய, ஊசிச் சிகரம் கொடுத்த துண்டு வெட்டியது எங்கிருந்து என்று நோட்டில் பார்த்தேன். அந்த மூன்று மில்லிமீட்டருக்குள்ளிருந்துதான்.

திங்கட்கிழமை மாணவியோடு உட்கார்ந்து அவளுடைய படிகத்தை நீளவாக்கில் கோடு போட்டோம். ஐந்து துண்டு: விதைப் பக்கம் ஒன்று, நடுவில் மூன்று, மேலே ஒன்று. கோடு விழுந்த இடத்தை விட்டு வெட்டவில்லை. ஐந்துக்கும் அளவீட்டுக் கட்டணம் கட்டத் துறையில் காசு இல்லை என்றார்கள். மூன்றுக்குத் துறை கொடுத்தது, இரண்டுக்கு நான். நூல் வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்தேன். அவள் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைப் பிடித்து, ஈரம் காயாமல் இழுத்துக்கொண்டிருந்தோம். ஒரு துண்டுக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது.